‘போலே தஹான்’ என்றால் எவ்வளவு?

“தைலம் தேய்க்கிறதுக்கு ஒரு டிகிரியா?”

நான் பிசியோதெரபி படிக்கத் தேர்வான கடிதம் வந்த அன்று என் தாய்மாமன் கேட்ட கேள்வி இது. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தில் நிலைத்ததில்லை. அப்பா லோரியில் மூட்டை ஏற்றுபவர். அம்மா ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவர். தன் பெயரை மட்டும் எழுதுவார். டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் சுளுக்கு எடுக்கும் ஒருவர் இருந்தார். மாமா என் படிப்பை அவருடைய வேலையோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

“தைலம் இல்ல மாமா. மெஷின். கரண்டு வெச்சு தசைய எழுப்புறது” என்றேன். அதுவரை அந்த மெஷினை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

அந்தப் பதில் என்னோடு பன்னிரண்டு ஆண்டுகள் வேலைக்கு வந்தது.

போன மாதம் நான் வேலையிலிருந்து விலகினேன். முப்பத்தைந்து வயதில் ஓய்வு என்றால் சிரிப்பார்கள். ஆனால் என் இரண்டு கட்டைவிரல் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. அழுத்துகிற, பிடித்துத் தூக்குகிற வேலை இனிக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தொழிலில் இப்படிப் போகிறவர்கள் பலர் உண்டு. விலகுவதற்குச் சில நாள் முன்பு, மருத்துவமனையின் இந்தியப் பணியாளர்கள் ஆண்டுதோறும் போடும் மலருக்காக இளையவர்கள் இருவர் வந்து கட்டுரை கேட்டார்கள். “அக்கா, பழைய மெஷின் காலத்துக் கதைய எழுதுங்க. நாங்க வந்தப்பவே டச் ஸ்கிரீன்” என்றாள் ஒருத்தி. “மிஸஸ் ஓங் கதைய கண்டிப்பா போடுங்க. பேஷண்டையெல்லாம் திட்டுவாங்களாமே?” என்றாள் இன்னொருத்தி.

அவர்களைச் சிரிக்க வைக்கத்தான் உட்கார்ந்தேன். அதே வாரத்தில் ஒரு மஞ்சள் அட்டை என் கைக்கு வந்தது. அதன் பிறகு எழுத வேண்டியது வேறாகிவிட்டது.

படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரில் நான்கு ஆண்டுகள். மற்ற பாடங்களில் நடுவில் இருந்தேன், மின்தூண்டலில் முதலாவதாக வந்தேன். பட்டமளிப்புப் படத்தை அம்மா கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி மாட்டினார். வீட்டுக்கு வருகிற எல்லாரையும் அதன் கீழே உட்கார வைத்துத்தான் தேநீர் கொடுப்பார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முழங்காலில் அடிபட்டோ அறுவை செய்தோ சில வாரம் கால் அசையாமல் இருந்தால், தொடையின் முன்பக்கத் தசை வேகமாக வற்றிவிடும். தூக்கு என்று மூளை சொன்னாலும் அந்த உத்தரவு தசைக்கு முழுதாகப் போய்ச் சேராது. அப்போது தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டி, வெளியிலிருந்து கரண்டைக் கொடுத்துத் தசையைச் சுருங்க வைப்போம். பத்து விநாடி கரண்டு, பிறகு ஓய்வு. கரண்டு வரும்போது நோயாளியும் தன் பலத்தைச் சேர்த்துக் காலை நீட்ட வேண்டும். இதில் அளவுதான் எல்லாம். குறைவாக வைத்தால் தோல் கூசும்; தசை சும்மா கிடக்கும். தசை உண்மையாக வேலை செய்கிற அளவு கொஞ்சம் பலமாகவே இருக்கும். ஒவ்வொருவருக்கும் அது வேறு எண்ணில் வரும். பழைய மெஷினில் அதைக் குமிழைத் திருகித்தான் ஏற்றுவோம்.

அந்தக் குமிழை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எனக்கும் மிஸஸ் ஓங்குக்கும் ஆகவில்லை.

மிஸஸ் ஓங் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். குள்ளமாக, ஒல்லியாக, ஆண்கள் அணிகிற பெரிய கைக்கடிகாரத்தோடு இருப்பார். பாகான் டாலாமில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடிக் கற்ற தமிழ் அவருடையது. அதனால் அதில் ‘நீங்கள்’ கிடையாது. எழுபது வயது ஐயாவையும் ஏழு வயதுப் பையனையும் அவர் ‘நீ’ என்றே அழைத்தார்.

நான் சேர்ந்த முதல் வாரம், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மணியம் ஐயாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். நுரையீரல் தொற்றால் ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து, தொடை இரண்டும் கைத்தடியைப்போல் ஆகியிருந்தன.

“நீ பேர் என்ன?” என்றார் மிஸஸ் ஓங்.

“மணியம்.”

“மணியம், நீ ‘போதும்’ சொல்லு, நான் நிப்பாட்டுறேன். வேற ஒண்ணும் சொல்லாத. புரியுதா?”

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். “யாரும்மா இந்தச் சீனத்தி? என்னை மாட்டை ஓட்டுற மாதிரி ஓட்டுது.”

மிஸஸ் ஓங் துண்டைச் சுருட்டி அவர் முழங்காலுக்கு அடியில் வைத்தார். தோலைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். பட்டைகளில் ஒன்றை முழங்காலுக்குச் சற்று மேலே உட்பக்கத்துச் சதையிலும் மற்றதைத் தொடையின் மேற்பக்கமும் ஒட்டினார். வலது கை குமிழில். இடது உள்ளங்கை ஐயாவின் குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவில். முகத்தைப் பார்க்கவே இல்லை. குமிழ் ஏறிக்கொண்டே போனது.

“அடி ஆத்தி. கரண்டுக்காரி, கொல்லப் பாக்குறியா?”

“நீ ‘போதும்’ சொல்லல.”

“போதும்னு யாரு சொன்னா? ஏத்து.”

குதிகால் அவர் உள்ளங்கையை விட்டு நான்கு விரற்கடை எழுந்தது. அப்போதுதான் மிஸஸ் ஓங் கையைக் குமிழிலிருந்து எடுத்து அட்டையில் எண்ணை எழுதினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். ஏழு வாரம் கழித்து அவர் ஊன்றுகோலோடு நடந்து வெளியே போனார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. என் அப்பாவைவிட மூத்தவரை ஒருத்தி ‘நீ’ என்கிறாள், கத்த வைக்கிறாள். படித்தவர்கள் வேலை செய்கிற இடத்தில் இப்படியா என்று எனக்குக் கூசியது. எனக்கென்று நோயாளிகள் வரும்போது ஒவ்வொருவரையும் அக்கா, அண்ணே, ஐயா என்று கூப்பிட்டு, கேட்டுக் கேட்டுத்தான் குமிழைத் தொடுவேன் என்று முடிவு செய்தேன். அப்படியே செய்தேன். “அந்தத் தமிழ்ப் பொண்ணுகிட்டயே போடுங்க, கை பூ மாதிரி” என்று நோயாளிகள் முன்பதிவு மேசையில் கேட்கத் தொடங்கினார்கள். நான் அதை வீட்டில் போய்ச் சொன்னேன். கரண்டு என்று யாராவது சொன்னால் ‘மின்தூண்டல்’ என்று திருத்தவும் செய்தேன்.

மிஸஸ் ஓங் ஒரே ஒருமுறை எச்சரித்தார். “நீ ரொம்ப மரியாதை. கால் தூங்கிடும்.” நான் என் வழக்கத்தை மாற்றவில்லை.

என் நான்காம் ஆண்டில் அவரை மூன்று மாதங்களுக்குப் பட்டர்வொர்த் பக்கம் இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் போன முதல் வாரத்தில் சுசீலா அக்கா என்னிடம் வந்தார்.

சுசீலா அக்காவை எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் வேன் ஓட்டுபவர். கணவர் இறந்ததும் அவருடைய வேனைத் தானே எடுத்து ஓட்டி, ஓர் ஆண்டுக்குள் பதினான்கு பிள்ளைகளைச் சேர்த்திருந்தார். பாசாரில் காய்கறி வாங்கும்போது வழுக்கி விழுந்து வலது முழங்காலின் சில்லு உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தொடை வற்றிவிட்டது. பிரேக்கை மிதிக்கிற கால் அதுதான். பத்து வாரத்தில், பிள்ளைகளை ஏற்றி ஓட்டும் லைசன்ஸைப் புதுப்பிக்க டாக்டரின் கையெழுத்து வேண்டும். அதுவரை அவருடைய கொழுந்தன் தேவா வேனை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“என் கொழுந்தன் நல்லவருதான். ஆனா பின் சீட்டுல ஒருத்தன் தினம் வாந்தி எடுப்பான், அவன ஜன்னல் பக்கம் உக்கார வைக்கணும்னு அவருக்கு எங்க தெரியும்? பத்து வாரத்துல எனக்குக் கால் வேணும் தங்கச்சி” என்றார்.

“வந்துரும் அக்கா” என்றேன்.

பட்டைகளை ஒட்டி, குமிழை மெல்லத் திருகினேன். எங்கள் பிரிவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாரும் வந்ததால் எல்லாரிடமும் ஒரே மலாய்ச் சொல்லில் கேட்பது வழக்கம். ‘தாங்க முடியுமா’ என்று பொருள்.

“போலே தஹான் அக்கா?”

“போலே தஹான்லா தங்கச்சி.”

குமிழ் இருபத்து நான்கில் இருந்தது. தாங்குகிறார், இதற்கு மேல் போனால் தாங்கமாட்டார் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நிறுத்தினேன். அட்டையில் இருபத்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் ‘தாங்கக்கூடிய உச்ச அளவு’ என்று குறித்தேன்.

வாரம் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே இருபத்து நான்கு. அவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, “மசாஜ் மாதிரி சுகமா இருக்கு. தூக்கம் வருது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “இது மசாஜ் இல்ல அக்கா. மின்தூண்டல்.”

“சரிம்மா, மின்தூண்டல். தூக்கம் வருது.”

அந்த நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது ‘தூக்கம் வருது’ என்பதை. தசை வேலை செய்கிற அளவில் கரண்டு போனால் யாருக்கும் தூக்கம் வராது. எனக்குக் காதில் விழுந்தது ‘மசாஜ்’ மட்டும்தான். குதிகால் மெத்தையில் கிடந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. அவர் முகத்தை, அதில் வலி இல்லாததை, பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வாரம் நாடா வைத்து அளந்தேன். முழங்காலுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் இடது தொடையைவிட வலது தொடை நான்கு சென்டிமீட்டர் குறைவு. முதல் நாளும் நான்குதான். காலை நீட்டித் தூக்கச் சொன்னேன். முழங்கால் மடங்கியே எழுந்தது.

“வீட்டுல எக்சர்சைஸ் செய்றீங்களா அக்கா?”

“செய்றேன்மா.”

“தினமும்?”

“தினமும்தான்” என்று சிரித்தார். அவர் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பை வைத்து அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். மெஷினை நான் சரியாக வைத்திருக்கிறேன், பாடத்தில் நான் முதலாவது. அப்படியானால் குறை அவரிடம்தான் இருக்க வேண்டும். டாக்டருக்கு அனுப்பும் அறிக்கையில் ஆங்கிலத்தில் ஐந்து சொற்கள் எழுதினேன். வீட்டுப் பயிற்சியில் போதிய ஒத்துழைப்பு இல்லை என்று அதற்குப் பொருள்.

பத்தாம் வாரம் லைசன்ஸ் பாரத்தோடு அவர் டாக்டரைப் பார்க்கப் போனார். தேவாவும் கூட வந்திருந்தார். மொழிபெயர்க்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவருடைய காலைச் சோதித்துவிட்டு என் அறிக்கையைப் படித்தார். பிறகு பாரத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“என்னவாம்?” என்றார் சுசீலா அக்கா.

டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். “பிரேக் போட இந்தக் காலுக்கு பலம் பத்தாதாம் அக்கா. வீட்டுல பயிற்சி செய்யலன்னு... ரிப்போர்ட்ல இருக்காம்.”

“ரிப்போர்ட்ட யார் எழுதுனா?”

அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தது அதுதான் முதல் முறை. “நான் செய்றேன்னு சொன்னேனேம்மா” என்றார். தேவா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சுசீலா அக்கா எங்கள் பிரிவுக்கு வரவே இல்லை.

மூன்று வாரம் கழித்து மிஸஸ் ஓங் திரும்பினார். வந்த அன்றே, நான் ஒரு நோயாளிக்குக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டிருக்கிறார். நோயாளி போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“நீ அவன்கிட்ட என்ன கேட்ட?”

“போலே தஹான்னு கேட்டேன்.”

“இன்னைக்குக் காலைல நான் நாசி லெமாக் சாப்பிட்டேன். எப்படி இருந்துச்சு? போலே தஹான். உன்னோட புதுச் செருப்பு எப்படி? போலே தஹான். இன்னைக்கு வெயில்? போலே தஹான். இப்ப சொல்லு, போலே தஹான்னா எவ்ளோ?”

தாங்க முடியும் என்பதற்கும், பரவாயில்லை நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கும் நம் ஊரில் அது ஒரே சொல். நாள் முழுக்க இரண்டாவது பொருளில்தான் எல்லாரும் சொல்கிறோம், நான் உட்பட. நோயாளியின் வாயிலிருந்து வரும்போது மட்டும் முதல் பொருளில் கேட்டிருக்கிறேன்.

மிஸஸ் ஓங் மூன்று மாத அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். சுசீலா அக்காவின் அட்டையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்து நான்கு. கட்டிலைக் காட்டி என்னைப் படுக்கச் சொன்னார். என் தொடையில் பட்டைகளை ஒட்டி இருபத்து நான்கில் வைத்தார். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஏற்றினார். ஐம்பதைத் தாண்டியதும் என் கால் என்னைக் கேட்காமல் நீண்டது. தொடை கல்லானது. கட்டிலின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, “போதும்” என்றேன்.

உடனே நிறுத்தினார். “உனக்கு இது. அவளுக்கு இன்னும் வேற. நீ தேடல. அவ தப்பு இல்ல. நீ கார்டு மாத்து. டாக்டருக்கு லெட்டர் எழுது. அவளைக் கூப்பிடு” என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் திட்டாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“சரி மேடம்” என்றேன்.

நான் எழுதவில்லை. அன்று மாலை மூன்று தாள்களைக் கிழித்தேன். ‘என் தவறு’ என்று தொடங்கிய வாக்கியம் அதற்கு மேல் போகவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறாள். அந்தக் கையெழுத்தை இதற்கா போடுவது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மிஸஸ் ஓங் கேட்டார். “லெட்டர்?”

“அனுப்பிட்டேன் மேடம்.”

அவர் தலையை ஆட்டினார். சோதித்துப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுப் போனார். குமிழைத் தவறான இடத்தில் நிறுத்தியது அறியாமை. இது அறியாமை இல்லை.

அதன் பிறகு என் நோயாளிகளுக்கு நான் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். இடது உள்ளங்கையைக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். ‘போதும்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் கேட்டுக்கொள்ளவில்லை. ‘நீங்கள்’ என்று சொல்லிக்கொண்டே கரண்டைப் பலமாக வைக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். ‘பூ மாதிரி’ என்று யாரும் சொல்வது நின்றது. பலர் நடந்து போனார்கள். இளையவர்கள் என்னிடம் கற்றுக்கொண்டதெல்லாம் இதைத்தான். எங்கிருந்து நான் கற்றேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை.

சுசீலா அக்காவை நான் பார்க்காமல் இல்லை. ஒருநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அந்த வேன் எனக்கு எதிரே வந்து நின்றது. தேவா ஓட்டினார். பின்னாலிருந்து சுசீலா அக்கா கதவை இழுத்துத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து இறங்கினார். ஒரு சிறுமியின் பையை வாங்கி உள்ளே வைத்தார். ஏறிக் கதவைச் சாத்தினார். தன் வேனில் கதவு திறந்துவிடுகிற ஆளாக அவர் இருந்தார். அடுத்த நாளிலிருந்து நான் வேறு நிறுத்தத்தில் ஏறினேன். எட்டு ஆண்டுகள் அப்படித்தான் ஏறினேன்.

மூலையில் சும்மா கிடந்த பழைய மெஷின்களையும் இந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். அட்டைகளும் போயின, எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது. தேவையில்லாத பழைய அட்டைகளை அழிக்கப் பிரித்துத் தரும்படி, விலகப் போகிற என்னிடம் வேலையைக் கொடுத்தார்கள். மூன்றாம் பெட்டியில் சுசீலா அக்காவின் மஞ்சள் அட்டை இருந்தது. காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டால் நூலாக வந்துவிடும், அதோடு முடிந்தது. அதை ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பதிவுப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அட்டையை அழிக்கக் கூடாது, அறிக்கையில் ஒத்துழைப்பு இல்லை என்ற வரி தவறானது, அதை எழுதியவள் நான் என்று. வாங்கிக்கொண்ட அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, “நீங்களாவே போய் மாட்டிக்கிறீங்களே, விசாரணைன்னு வந்தா?” என்றார். வரட்டும் என்றேன். முத்திரை குத்தி ஒரு படி கொடுத்தார்.

அந்தப் படியை எடுத்துக்கொண்டு சுசீலா அக்காவின் வீட்டுக்குப் போனேன். எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடக்கும் தூரம்தான்.

கதவைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “மின்தூண்டல் தங்கச்சி” என்றார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் தன் வலது கணுக்காலைத் தொட்டுக் காட்டினார்.

“நீ சொன்ன மாதிரி ஒரு கிலோ அரிசியத் துணியில கட்டி, கணுக்கால்ல மாட்டித் தூக்குவேன். தினமும் சாயந்தரம். அந்த அரிசியில வண்டு வந்துருச்சு. கொட்டிட்டு வேற அரிசி கட்டினேன். அவ்ளோ நாளு செஞ்சிருக்கேன். எப்படி செய்றேன்னு நீ கேக்கவே இல்லயேம்மா.”

“தப்புதான்கா.”

“எட்டு வருசமா தேவா எல்லார்கிட்டயும் சொல்றாரு. அண்ணி சோம்பேறித்தனம் பண்ணி கால விட்டுட்டாங்கன்னு. பிள்ளைங்களோட அம்மாமாருங்ககிட்ட, என் மகள்கிட்ட. அவரு பொய் சொல்லல, ஆஸ்பத்திரில எழுதினதத்தான் சொல்றாரு. நானே சில சமயம் நினைச்சுக்குவேன், இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கணுமோன்னு.”

முத்திரை குத்திய கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இங்கிலீஷ். இது எனக்கு எதுக்கு? தமிழ்ல எழுது. என் கையில குடுக்காத, நானே எழுதிக்கிட்டேன்னு சொல்லுவாரு. தேவா கையிலயே குடு.”

இந்தத் தசையை இப்போதும் பலப்படுத்த முயலலாம், புதிதாக வந்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், நானே நேரம் வாங்கித் தருகிறேன் என்றேன். “கால அப்புறம் பாப்போம். மொதல்ல இது” என்றார். இந்தக் கட்டுரையில் தன் பெயரை மாற்றக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான்.

தமிழில் எழுதுவது எனக்கு ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: ‘சுசீலா அவர்களின் வலது தொடைக்கு நான் கொடுத்த கரண்டு, தசை பலம் பெறப் போதவே போதாது. அவர் வீட்டில் பயிற்சி செய்யவில்லை என்று நான் எழுதியதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவர் செய்தார். கால் பலம் பெறாததற்கு அவர் காரணம் இல்லை. தவறு என்னுடையது. அது தெரிந்த பிறகும் எட்டு ஆண்டுகள் திருத்தாமல் இருந்தவளும் நான்தான்.’

இன்று காலை ஆறு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். தேவா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குள் இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சுசீலா அக்கா கதவருகே நின்றார். நான் தாளை தேவாவின் கையில் கொடுத்து, நான் யார் என்று சொன்னேன்.

“என்ன இது?”

“சத்தமா படிங்க தம்பி” என்றார் சுசீலா அக்கா.

அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ‘தவறு என்னுடையது’ என்ற இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். தாளை இரண்டாக மடித்தார்.

“நேரமாச்சு அண்ணி. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்.”

“முழுசா படிங்க. கையெழுத்து வரைக்கும்.”

அவர் தாளை மறுபடி பிரித்தார். மீதி வரியைப் படித்தார். அதன் கீழே இருந்த என் பெயரை, அப்பாவின் பெயரை, என் பட்டத்தை, கடைசியில் என் பதிவு எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி படித்து முடித்தார்.